காட்டின் மலர்கள்: ஃபிளாடன் போரும் அதற்காகப் பாடப்படும் இரங்கற்பாடலும்

ஸ்காட்லாந்தில் 'பைப்' எனப்படும், காற்று நிரப்பிய தோற்பையோடு ஊதும் குழல் கருவியை வாசிக்கும் கலைஞர்கள் கச்சேரிகளிலும் போட்டிகளிலும் பொதுவாக வாசிக்கத் தயங்கும் மெட்டு ஒன்று உண்டு. இறுதி ஊர்வலங்களிலும், போரில் இறந்தவர்களுக்கான நினைவுநாள்களிலும் மட்டுமே அது வெளியில் கேட்கும். பழகுவதற்காக வாசிப்பதாக இருந்தாலும் பிறர் காதில் விழாத இடத்தில்தான் வாசிக்க வேண்டும் என்பது அவர்களிடையே எழுதப்படாத வழக்கம். 'தி ஃபிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்பது அதன் பெயர். தமிழில் 'காட்டின் மலர்கள்' எனலாம். 1513 செப்டம்பர் 9 அன்று இங்கிலாந்தின் வடகோடியில் சில மணி நேரம் நடந்து முடிந்த ஃபிளாடன் போரில் மாண்ட ஸ்காட்லாந்து வீரர்களுக்கான இரங்கற்பாடல் இது. அந்தப் போரையும் இந்தப் பாடலையும் முதன்முறையாக அறிய வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், போர்க்களத்தை ஒரு கணம்கூட நமக்குக் காட்டாத இந்தப் பாடல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெரிந்த பிறகே அதன் முழு வலிமையும் புலப்படுகிறது.

இரங்கற்பாடல் என்ற வகையைப் பற்றி முதலில் சில சொற்கள். இறந்தவரின் உடலைச் சுற்றி அமர்ந்து, அந்த நேரத்துத் துயரில் பெண்கள் பாடும் ஒப்பாரி நமக்குத் தெரியும். தலைவன் இறந்த பின் செயலற்று நிற்பவர்கள் பாடுவதைப் புறப்பாடல் மரபு கையறுநிலை என்று தனித் துறையாகவே வகுத்திருக்கிறது. ஸ்காட்லாந்திலும் இரங்கலுக்குப் பல வடிவங்கள் உண்டு. மேட்டுநிலப் பகுதியில் கேலிக் மொழி பேசுவோரிடையே, பைப்பில் நெடுநேரம் விரித்து வாசிக்கும் செவ்விசை வடிவிலான இரங்கல் மெட்டுகள் இருந்தன. நாம் பார்க்கப்போகும் பாடல் அந்த மரபைச் சேர்ந்ததன்று. இது தெற்கே, இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறத் தாழ்நிலத்தில், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஸ்காட்ஸ் மொழி பேசிய ஆடு வளர்ப்போரும் உழவர்களும் வாழ்ந்த நாட்டில் பிறந்தது. சதுரக் கட்டம் போட்ட பாவாடை உடையையும் பைப்பையும் வைத்தே ஸ்காட்லாந்தை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு முதலில் பிடிபடுவதில்லை. இன்று இந்த மெட்டைப் பெரும்பாலும் மேட்டுநிலப் பைப்பில் கேட்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

தலைப்பில் வரும் காடு குறிப்பிட்ட ஓர் இடம். எட்ரிக் காடு என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதி செல்கிர்க் நகரைச் சுற்றி எட்ரிக், யாரோ ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் பரந்து கிடந்தது. அது அரசர்களின் வேட்டைக் காடு. முழுவதும் மரங்கள் அடர்ந்த இடமென்று எண்ணிவிடக் கூடாது, புல்மேடுகளும் மேய்ச்சல் வெளிகளும் அதில் நிறைய இருந்தன. ஃபிளாடன் போர் நடந்த காலத்தில் அங்கே ஆடு வளர்ப்பு பெருகிவந்தது. அந்தக் காட்டுப் பகுதியின் வில்லாளிகள் பல தலைமுறைகளாகப் பெயர் பெற்றவர்கள். 'மலர்கள்' என்பது அங்கிருந்து போருக்குப் போன இளைஞர்களைக் குறிக்கிறது. பாடல் பரவப் பரவ, ஒரு வட்டாரத்தின் இளைஞர்களைக் குறித்த அந்தச் சொல் நாட்டின் இளைஞர்கள் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது.

இனி போருக்கு வருவோம். அப்போது ஸ்காட்லாந்தை ஆண்டவர் நான்காம் ஜேம்ஸ். 15 வயதில், 1488இல் அரசரான அவர் திறமையானவர், மக்களின் அன்பைப் பெற்றவர். நாட்டின் முதல் அச்சகம் அவருடைய அனுமதியோடு எடின்பரோவில் அமைந்தது. 1508இல் அதன் முதல் நூல்கள் வெளிவந்தன. கேலிக் மொழி உட்படப் பல மொழிகள் அறிந்தவர். பல் பிடுங்குவது முதல் பீரங்கி வார்ப்பது வரை எதிலும் ஆர்வம் கொண்டவர். 1502இல் இங்கிலாந்துடன் 'நிரந்தர அமைதி' என்றே பெயரிட்ட உடன்படிக்கையைச் செய்துகொண்டு, மறு ஆண்டு ஆங்கிலேய அரசரின் மகள் மார்கரெட் டியூடரை மணந்தார். அமைதி பத்தாண்டுகள் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1295 முதல் இருந்துவந்த பழைய நட்புறவும் கைவிடப்படவில்லை. 1513இல், மார்கரெட்டின் தம்பியான இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தாமே படை நடத்திப் பிரான்சுக்குள் நுழைந்தபோது, இரண்டு உறுதிமொழிகளும் ஒன்றோடொன்று மோதின. பிரான்சைத் தாக்குவதை நிறுத்தும்படி ஜேம்ஸ் தம் மைத்துனருக்குச் சொல்லியனுப்பினார், ஹென்றி மறுத்தார். பிரான்சின் அரசி ஆன், ஜேம்ஸுக்கு ஒரு மோதிரத்தை அனுப்பி, தமக்காக ஆங்கில மண்ணில் கால் வைக்கும்படி கேட்டுக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. மோதிரம் வந்ததோ இல்லையோ, ஜேம்ஸ் பிரான்சின் பக்கம் நின்றார்.

ஆகஸ்ட் 22 அன்று ஸ்காட்லாந்துப் படை கோல்ட்ஸ்ட்ரீம் அருகே ட்வீட் ஆற்றைக் கடந்தது. அதுவரை ஸ்காட்லாந்தில் திரண்ட படைகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. பெரிய முற்றுகைப் பீரங்கிகள் நார்ஹம் கோட்டையைச் சில நாள்களில் வீழ்த்தின; எட்டல், ஃபோர்டு கோட்டைகளும் விழுந்தன. பிறகு ஜேம்ஸ் ஃபிளாடன் குன்றின் மேல், மூன்று பக்கமும் எளிதில் ஏற முடியாத இடத்தில், பீரங்கிகளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். ஹென்றி பிரான்சில் இருந்ததால் அரசி கேத்தரின் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். வடக்கே படையை நடத்தியவர் சர்ரே பிரபு தாமஸ் ஹோவர்ட். 70 வயதைத் தொட்டிருந்த முதியவர். அவரிடம் சுமார் 26,000 பேர். ஜேம்ஸிடம் 30,000 பேரோ அதற்கு மேலோ இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. மழை விடாமல் பெய்தது. ஆங்கிலப் படையிடம் உணவு குறைந்துகொண்டே வந்தது. பீர் தீர்ந்துபோய்ப் படைவீரர்கள் தண்ணீரைக் குடிக்க வேண்டியதாயிற்று என்பதை அக்கால மக்கள் பெரிய இடராகவே பதிவு செய்திருக்கிறார்கள். குன்றை விட்டிறங்கிச் சமவெளியில் போரிட வருமாறு சர்ரே தூது அனுப்பினார். எங்கே நிற்பது என்பதை ஒரு பிரபு ஓர் அரசருக்குச் சொல்ல முடியாது என்று ஜேம்ஸ் மறுத்துவிட்டார். ஆயினும் செப்டம்பர் 9 வரை அங்கேயே காத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

சர்ரே செய்தது துணிச்சலான காரியம். குன்றை நேராகத் தாக்காமல், டில் ஆற்றின் கிழக்குக் கரை வழியே படையை வடக்கே நடத்திச் சென்று, செப்டம்பர் 9 காலையில் மீண்டும் ஆற்றைக் கடந்து, ஜேம்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே வந்து நின்றார். பீரங்கிகள் கடந்துசென்ற ட்விசெல் பாலம், ஒற்றை வளைவுடைய கல்பாலம், இன்றும் அங்கே நிற்கிறது. தம் நாட்டுக்குத் திரும்பும் வழி அடைபடுவதைக் கண்ட ஜேம்ஸ், முகாமின் குப்பைகளுக்குத் தீ வைக்கச் செய்து, அந்தப் புகையின் மறைவில் வடக்கே பிராங்ஸ்டன் குன்றின் உச்சிக்குத் தம் படையை நகர்த்தினார். தெற்கிலிருந்து வந்த ஸ்காட்லாந்துப் படை வடக்கு நோக்கியும், வடக்கே போய்ச் சுற்றிவந்த ஆங்கிலப் படை தெற்கு நோக்கியும் நின்றன. பிற்பகல் நான்கு மணி அளவில் பீரங்கிகள் முழங்கின.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்; அவ்வளவு பேர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கான விடை குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து வீரர்களின் கையில் பிரெஞ்சுப் படைத்தலைவர்கள் பயிற்றுவித்த புதிய ஆயுதம் இருந்தது: ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நெடுவேல். சுவிட்சர்லாந்து வீரர்கள் ஐரோப்பாவில் பெயர் பெற்றது இந்த ஆயுதத்தால்தான். ஆயிரக்கணக்கானோர் நெருக்கமாக அணிவகுத்து, வேல்முனைகளை ஒரே வரிசையில் நீட்டிக்கொண்டு, ஓட்டம் தடைபடாமல் இறங்கிவந்தால் அதை எதிர்த்து நிற்பது மிகக் கடினம். அணி குலையாத வரைதான் அந்த வலிமை. ஸ்காட்லாந்தின் பெரிய பீரங்கிகள் கோட்டைச் சுவர்களை இடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டபோது குண்டுகள் பெரும்பாலும் எதிரிகளின் தலைக்கு மேலே பறந்தன. ஆங்கிலேயரின் சிறிய களப் பீரங்கிகள் விரைவாகச் சுட்டன. அடி வாங்கிக்கொண்டு நிற்பதைவிட இறங்கிப் போரிடுவதே மேல் என்று படை இறங்கியது. இடப்பக்கத்தில் ஹோம், ஹன்ட்லி பிரபுக்களின் பிரிவு எதிரியை உடைத்தெறிந்தது. அந்த முதல் வெற்றி மற்றப் பிரிவுகளுக்கும் நம்பிக்கையூட்டியது.

நடுவில் இறங்கியவர்களுக்கு, அரசரே முன்வரிசையில் நின்ற பிரிவு உட்பட, வேறொன்று காத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளம் ஒன்று, மழையில் சேறாகிக் கிடந்த ஓடை நிலம், சரிவின் அடியில் இருந்தது. வழுக்காமல் இருப்பதற்காக வீரர்கள் பலர் காலணிகளைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. சேற்றில் கால் புதைந்ததும் ஓட்டம் நின்றது. அதற்கப்பால் மீண்டும் மேடேற வேண்டியிருந்ததால் அணி கலைந்தது. அணி கலைந்த பின் நெடுவேல் வெறும் நீளக் கம்பு. ஆங்கிலேயரின் கையிலோ, பாதி நீளமேயுள்ள கம்பின் முனையில் வேலி வெட்டும் அரிவாளைப் போன்ற கொக்கித் தகட்டைப் பொருத்திய 'பில்' என்ற ஆயுதம் இருந்தது. அதனால் வேலின் தலையைக் கொய்யலாம், கவசத்தைக் கொக்கியிட்டு இழுக்கலாம், அருகில் நின்றே வெட்டலாம். வேல்களை எறிந்துவிட்டு வாள்களை உருவியவர்களும் பில்லின் நீளத்தை எட்ட முடியவில்லை. வலப்பக்கத்தில் மேட்டுநில வீரர்களின் பிரிவைப் பக்கவாட்டிலிருந்து ஏறிவந்த ஆங்கில வில்லாளிகள் சிதறடித்தார்கள். பின்வரிசைகள் தொடர்ந்து கீழே இறங்கி முன்வரிசைகளைத் தள்ளிக்கொண்டிருந்ததால் நடுவில் சிக்கியவர்களுக்குத் திரும்பும் வழியே இல்லாமல் போனது.

இருட்டும் முன் எல்லாம் முடிந்தது. ஸ்காட்லாந்துப் பக்கத்தில் 10,000 பேர் வரை மாண்டதாகவே வழக்கமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயரின் இழப்பு அதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 40 வயதான நான்காம் ஜேம்ஸ் அம்பும் பில்லும் பட்டு, சர்ரே நின்ற இடத்துக்கு வெகு அருகில் வீழ்ந்தார். பிரிட்டன் தீவில் போர்க்களத்தில் இறந்த கடைசி அரசர் அவர்தான். அவருடைய திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், சுமார் 20 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயராக இருந்தவர், தந்தையோடு இறந்தார். இத்தாலியில் அந்த இளைஞருக்கு ஆசிரியராக இருந்த புகழ்பெற்ற அறிஞர் எராஸ்மஸ் பின்னாளில் தம் நூலில் மாணவனை எண்ணி வருந்தி எழுதினார். பெரும்பிரபுக்கள் ஒரு டஜன் பேர் வரை மாண்டார்கள். ஒரு தந்தையும் மகன்களும் ஒரே நாளில் போன குடும்பங்கள் இருந்தன. ஜேம்ஸின் உடல் லண்டன் அருகே கொண்டுபோகப்பட்டது. உடன்படிக்கையை மீறியதற்காகத் திருச்சபை அவரை விலக்கிவைத்திருந்ததால் முறையான அடக்கம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மேலங்கியைக் கேத்தரின் அரசி பிரான்சிலிருந்த கணவருக்கு வெற்றிச் சின்னமாக அனுப்பிவைத்தார். ஸ்காட்லாந்தில் 17 மாதக் குழந்தையான ஐந்தாம் ஜேம்ஸுக்கு செப்டம்பர் 21 அன்று ஸ்டர்லிங்கில் முடிசூட்டினார்கள்.

செய்தி எட்டிய விதத்தைப் பற்றி ஓர் ஆவணம் இருக்கிறது. இந்தப் பாடலை விளக்க அதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியாது. போருக்கு மறுநாள், செப்டம்பர் 10 அன்று, எடின்பரோ நகர மன்றத்தின் சார்பில் ஓர் அறிவிப்பு முரசறையப்பட்டது. அரசரையும் படையையும் பற்றிப் பெரும் வதந்தி எழுந்திருக்கிறது, உண்மை இன்னும் தெரியவில்லை என்று தொடங்கும் அது, ஆண்கள் எல்லோரும் மணியோசை கேட்டதும் ஆயுதங்களோடு நகரைக் காக்கத் திரள வேண்டும் என்கிறது. அடுத்து பெண்களுக்கு வருகிறது. எளிய பெண்கள் தெருவில் கூச்சலிட்டு அழக் கூடாது, தத்தம் வேலைக்குப் போக வேண்டும், மீறினால் நகரைவிட்டு வெளியேற்றப்படுவார்கள். நல்ல நிலையிலுள்ள பெண்கள் கோயிலுக்குப் போய் அரசருக்காகவும் படைக்காகவும் பிரார்த்திக்க வேண்டும். அந்த மன்றத்தை நான் குறை சொல்லமாட்டேன்; எதிரிப் படை எந்நேரமும் வந்துவிடலாம் என்ற அச்சத்தில் நகரம் இருந்தது, அடுத்த ஆண்டே மதிற்சுவரைப் பெருக்கிக் கட்டத் தொடங்கினார்கள், அந்த 'ஃபிளாடன் மதி'லின் பகுதிகளை இன்றும் எடின்பரோவில் காணலாம். ஆனாலும் அழுகையைத் தெருவிலிருந்து அகற்றி, பெண்களை வேலைக்கு அனுப்பிய அந்த ஆணையை மனத்தில் வைத்துக்கொண்டு பாடலைப் படித்துப் பாருங்கள். பாடல் முழுக்க முழுக்க வேலைக்குப் போன பெண்களைப் பற்றியது.

ஆறு பத்திகள் கொண்ட அந்தப் பாடலின் தொடக்கத்தில், விடியும் முன் ஆட்டுப்பால் கறக்கும் இடத்தில் பெண்கள் துள்ளலாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன் என்று ஒரு குரல் நினைவுகூர்கிறது. எல்லைப்புறத்தில் குட்டிகளைப் பால் மறக்கடித்த பின் பெண் ஆடுகளைப் பட்டியில் அடைத்துப் பால் கறப்பார்கள்; அது இளம்பெண்களின் வேலை, இளைஞர்கள் சுற்றிநின்று கேலி பேசும் நேரமும்கூட. இப்போது அதே புல்வழிகளில் முனகல் கேட்கிறது. காட்டின் மலர்கள் எல்லாம் வாடி உதிர்ந்துவிட்டன என்று முதல் பத்தி முடிகிறது. இரண்டாம் பத்தியில் பட்டிக்கு வந்த பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் பால்செம்பை எடுத்துக்கொண்டு விலகிப் போய்விடுகிறாள். மூன்றாவது பத்தி அறுவடை. இந்தப் பாடலில் எனக்கு மிக அரியதாகத் தோன்றும் வரி அங்கேதான் வருகிறது: கதிர் அறுப்பவர்களின் பின்னே வந்து கட்டுக் கட்டுகிறவர்கள் நரைத்தவர்களாகவும் தோல் சுருங்கியவர்களாகவும் இருக்கிறார்கள். கதிர்க்கட்டுகளை இறுக்கிக் கட்டுவது உடல் வலு வேண்டிய வேலை. அதற்கு இளைஞர்கள் வருவார்கள். அந்த ஆண்டு கிழவர்கள்தான் மிஞ்சியிருந்தார்கள் என்பதைப் பாடல் வேலையைச் சொல்வதன் மூலமே சொல்லிவிடுகிறது. செப்டம்பர் மாதம் அந்நாட்டில் அறுவடைக் காலம் என்பதையும், போர் நடந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தால், கதிர் நின்ற வயல்களை விட்டுவிட்டே அவர்கள் போனார்கள் என்பது புரியும். சந்தையிலும் பிரசங்கக் கூட்டத்திலும் காதல் பேச்சு இல்லை. நான்காம் பத்தியில், அந்தி மங்கும் வேளையில் வைக்கோற்போர்களைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆட இளவட்டங்கள் யாரும் வருவதில்லை.

இந்த நான்கு பத்திகளிலும் போர் என்ற சொல் இல்லை, வாள் இல்லை, இரத்தம் இல்லை, அரசரின் பெயரும் இல்லை. ஆண்கள் வழக்கமாக நின்ற இடங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வோர் இடமும் காலியாக இருக்கிறது. ஐந்தாம் பத்தியில்தான் நம் பிள்ளைகளை எல்லைக்கு அனுப்பிய ஆணை நாசமாகட்டும் என்ற சாபமும், ஆங்கிலேயர் இந்த ஒருமுறை சூதால் வென்றார்கள் என்ற குற்றச்சாட்டும் வெடிக்கின்றன. சர்ரே செய்தது சூதன்று. ஆற்றைச் சுற்றிவந்து வழியை மறித்தது நல்ல படைத்தலைமை. வரலாற்றுக் கணக்கில் அந்த வரி நிற்காது. ஆனால் முதலில் சபிக்கப்படுவது எதிரியல்ல, தம் பக்கத்து ஆணைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். துயரத்தில் இருப்பவர்கள் காரணம் தேடும் வரிசை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறாம் பத்தி மீண்டும் பால் கறக்கும் இடத்துக்கு வந்து, இனி அந்தப் பாட்டு கேட்காது என்று சொல்லி முடிகிறது.

இவ்வளவு நெருக்கமாகப் பேசும் இந்தச் சொற்கள் போர் நடந்து 243 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. எழுதியவர் ஜீன் எலியட் (1727–1805). எல்லைப்புறத்து மின்டோ என்ற ஊரின் சர் கில்பர்ட் எலியட் என்ற நீதிபதியின் மகள். அண்ணன் கில்பர்ட்டோடு குதிரை வண்டியில் போகும்போது பேச்சு ஃபிளாடன் பக்கம் திரும்ப, அதைப் பற்றி உன்னால் ஒரு பாடல் எழுத முடியாது என்று அவர் பந்தயம் கட்ட, 1756இல் இந்தப் பாடல் பிறந்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். ஜீன் போரை ஏட்டில் மட்டும் அறிந்தவரல்லர். அரியணையிழந்த ஸ்டூவர்ட் குடும்பத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்த எழுந்த 1745–46 கிளர்ச்சியின்போது அரசின் பக்கம் நின்ற தந்தையைப் பிடிக்கக் கிளர்ச்சிப் படையினர் வீட்டுக்கு வந்தபோது, அவர் பாறைகளிடையே ஒளிந்திருக்க, இளம்பெண்ணான ஜீன் வந்தவர்களை அமைதியாக வரவேற்று உபசரித்துத் திருப்பியனுப்பினார் என்றொரு செய்தியும் உண்டு. பாடலைத் தம் பெயரில் அவர் வெளியிடவில்லை. அக்காலத்தில் அவருடைய குடும்பநிலையிலுள்ள பெண்கள் பொதுவாக அப்படிச் செய்வதுமில்லை. பெயரின்றி உலவியதால் பலர் இதை ஃபிளாடன் காலத்திலிருந்தே வந்த பழம்பாடல் என்று நம்பினார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஏமாறவில்லை: பாடலில் வரும் பழக்கவழக்கங்கள் பழையவை, மொழியோ நேற்றையது என்று அவர் எழுதினார். எல்லைப்புறப் பாடல்களைத் தொகுத்து 1802 முதல் வெளியிட்ட எழுத்தாளர் வால்டர் ஸ்காட், இது புதியது என்று தம்மை நம்பவைக்க மிக உறுதியான சான்று தேவைப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, இயற்றியவர் ஓர் எல்லைப்புறக் குடும்பத்துப் பெண்மணி என்று பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார்.

அப்படியானால் இது போலிப் பழமையா என்றால், இல்லை என்பதே என் விடை. மெட்டு ஜீன் எலியட்டுக்கு முந்தையது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்ட ஸ்கீன் சுவடியில், மாண்டோரா என்ற சிறிய நரம்பிசைக் கருவிக்கான இசைக்குறியீடாக, இதே பெயரோடு அது இருக்கிறது. பழைய பாடல் ஒன்றின் துணுக்குகளும் மக்கள் வாயில் எஞ்சியிருந்தன: ஆட்டுப்பால் கறக்குமிடத்துப் பாட்டைச் சொல்லும் முதல் வரியும், காட்டின் மலர்கள் வாடிப்போன ஈற்றடியும். இடையில் இருந்ததெல்லாம் மறைந்துவிட்டது. இரண்டு கரைகளும் நின்றிருக்க, நடுவே பாலத்தைக் கட்டியவர் ஜீன். பழைய வரிகள் எந்த வேலையைச் சொல்லித் தொடங்கினவோ அதே திசையில், பட்டியிலிருந்து வயலுக்கும் சந்தைக்கும் வைக்கோற்போருக்கும் போனது அவருடைய நுண்ணறிவு.

அதே மெட்டின் பெயரிலும் ஈற்றடியிலும் இன்னொரு பெண்மணியும் எழுதியிருக்கிறார். எட்ரிக் காட்டின் ஓரத்தில் பிறந்த அலிசன் காக்பர்ன் இயற்றிய பாடல் 1765இல் அச்சாயிற்று. அதிர்ஷ்டத்தின் புன்னகையை நம்பி ஏமாந்ததைப் பற்றிப் பேசும் அது, அந்த வட்டாரத்து நிலக்கிழார்கள் சிலர் பண நெருக்கடியில் நொடித்துப்போனதைக் குறித்து எழுதப்பட்டதென்று சொல்வார்கள். நல்ல பாடல்தான், ஒரு காலத்தில் ஜீனின் பாடலைவிட அதிகமாகவும் பாடப்பட்டது. ஆனால் அதில் ஃபிளாடன் இல்லை. பதிவுகளைத் தேடும்போது இரண்டும் ஒரே தலைப்பில் வருவதால், முதல் வரியில் ஆட்டுப்பால் இருக்கிறதா, அதிர்ஷ்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சொற்கள் ஒருபுறம் இருக்க, இன்று உலகம் அதிகமாகக் கேட்பது சொல்லில்லாத மெட்டைத்தான். மேட்டுநிலப் பைப்பில் ஒன்பது சுரங்கள் மட்டுமே உண்டு. அதனால் நரம்பிசைக்கும் குரலுக்கும் உரிய இந்த மெட்டை அதற்கேற்பச் சற்று மாற்றியே வாசிக்கிறார்கள். அந்தக் கருவியில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது. மூன்று சுருதிக் குழல்கள் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும். உணர்ச்சியைக் காட்ட வாசிப்பவரிடம் இருப்பவை இரண்டே வழிகள்: எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதும், சுரங்களுக்கு இடையே விரல்கள் தூவும் நொடிப்பொழுது அணிச்சுரங்களும். குரலில் தழுதழுப்பு, தேய்வு, மௌனம் எல்லாம் சாத்தியம். பைப்பில் அவை ஒன்றுமில்லை. தளராமல் ஒரே உரத்தில் செல்லும் அந்த ஒலி, படைவீரர்களின் சடங்குகளுக்குப் பொருந்திவிட்டது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் வழியாக அது பிரிட்டனுக்கும் கனடா போன்ற நாடுகளுக்கும் பரவியது. லண்டனில் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் போர் நினைவு நிகழ்வின் இசை வரிசையில் அது இடம்பெறுகிறது. 2021 ஏப்ரல் 17 அன்று இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கிலும் பைப்பில் அது வாசிக்கப்பட்டது.

பிறந்த மண்ணில் அதற்கு வேறொரு பெயர்: செல்கிர்க் நகரத்தார் அதை 'லில்டிங்' என்கிறார்கள். பாடலின் முதல் வரியில் வரும் துள்ளலான பாட்டைக் குறிக்கும் சொல் அது. ஃபிளாடனுக்கு அந்நகரிலிருந்து 80 பேர் போனதாகவும், ஃபிளெட்சர் என்ற ஒருவர் மட்டும் ஆங்கிலேயரிடம் கைப்பற்றிய கொடியோடு திரும்பியதாகவும், என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கொடியைச் சுழற்றித் தரையில் தாழ்த்தியதாகவும் மரபுக் கதை சொல்கிறது. எண்ணிக்கை துல்லியமானதா என்பதற்கு ஆவணம் இல்லை. ஆனால் நகரம் அந்தக் கதையை வைத்தே தன்னை அடையாளம் காண்கிறது. 1913இல், போரின் 400ஆம் ஆண்டில், கொடி ஏந்திய ஃபிளெட்சரின் வெண்கலச் சிலையை நிறுவினார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர்ப் பொது நிலத்தின் எல்லையைக் குதிரைகளில் சுற்றிவரும் விழாவின் முடிவில், சந்தைத் திடலில் நகரத்தின் கொடியையும் கைவினைஞர் சங்கங்களின் கொடிகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றித் தாழ்த்துவார்கள். கடைசியாக முன்னாள் படைவீரர்களின் கொடி தாழ்ந்த பின் இசைக்குழு இந்த மெட்டை வாசிக்கும்.

போர் நடந்த பிராங்ஸ்டன் இப்போதும் சிற்றூர்தான். வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் 1910இல் எழுப்பிய கல் சிலுவை நிற்கிறது. ஃபிளாடன், 1513, இரு நாடுகளின் வீரர்களுக்கும் என்ற பொருளில் மிகச் சுருக்கமான வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நின்று தெற்கே பார்த்தால் ஸ்காட்லாந்துப் படை இறங்கிவந்த சரிவு முழுவதும் தெரியும். அடிவாரத்துப் பள்ளமும் தெரியும். போரையும் பாடலையும் பற்றி இவ்வளவு படித்தவர்கள், முதலில் ஒரு பெண் குரலில், இசைக்கருவித் துணை இல்லாமல் பாடிய பதிவைத் தேடிக் கேட்க வேண்டும் என்பேன். ஸ்காட்ஸ் சொற்கள் புரியாவிட்டாலும், ஒவ்வொரு பத்தியும் எந்த வேலையைப் பற்றியது என்பது இப்போது தெரியும். அதன் பிறகு பைப்பில் கேட்டால், சொற்கள் நீங்கிய மெட்டில் எந்த இடத்தில் அந்த ஈற்றடி வருகிறது என்பதைக் காதே கண்டுகொள்ளும்.